ஏழில் அடங்காத ஒன்று

கேப்பு எண்ணும்போது அருள்சாமி மூச்சை அடக்கிக்கொண்டுதான் எண்ணுவான். சுண்டுவிரல் நீளம்கூட இராது. செம்புக் குழாய், ஒரு முனை அடைப்பு, பார்வைக்குப் பேனா மூடி. பாறையில் போட்ட குழிக்குள் வெடிமருந்துத் தோட்டாவை இறக்கும்போது அதன் தலையில் இந்தக் கேப்பைச் செருகி, கேப்பிலிருந்து வெளியே வரும் திரியில் நெருப்பு வைப்பார்கள். கேப்பு வெடித்தால்தான் தோட்டா வெடிக்கும். தோட்டா இல்லாமல் கேப்பு மட்டும் வெடித்தாலும் ஒரு கைக்கு அது போதும்.

மருந்து அறை, பாறைக்குழியிலிருந்து முந்நூறு கெஜம் தள்ளி, கருங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக ஒற்றையில் நின்றது. தீப்பெட்டி வைத்திருப்பவன் அதன் வேலிக்குள் கால் வைக்கக்கூடாது. கழுகுப்பாறை குவாரியில் மடியில் தீப்பெட்டி இல்லாத ஆம்பிளை அருள்சாமி ஒருத்தன்தான் என்பதால் அவனைத் தேடி அங்கே யாரும் வருவதில்லை. அவனும் ஒரு காலத்தில் சம்மட்டி அடித்தவன். ஆறு வருசத்துக்கு முன்னால் பாறைச் சில்லு உருண்டு இடது கணுக்காலை நசுக்கிவிட்டது. ஆவூரில் ஆறாங்கிளாஸ் வரை படித்திருந்ததால் துரத்திவிடாமல் மருந்துக் கணக்கில் உட்கார வைத்தார்கள்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டைச் சீமை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. அன்று சித்திரை மாசத்துச் சனிக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் கேப்பு எண்ணுகிற நாள்.

பிரிக்காத டப்பா இரண்டு. டப்பாவுக்கு நூறு. பிரித்த டப்பாவில் இருந்ததை மரத்தட்டில் கோணித்துணி விரித்துப் பத்துப் பத்தாக வைத்தான். நாற்பத்திரண்டு. ஆக இருநூற்று நாற்பத்திரண்டு.

லைசென்ஸ் ரிஜிஸ்தரில் மூன்றே கட்டம். குவாரி திறந்த நாள் முதல் வந்தது. இப்போது இருப்பது. போக, செலவு. வந்தது 1,350 டப்பா, ஒரு லட்சத்து முப்பத்தையாயிரம். இருப்பு 242. செலவு 1,34,758. ஒரு நாளைக்கு எத்தனை வெடி போட்டார்கள் என்று எழுத ரிஜிஸ்தரில் இடமே இல்லை. பாறை இளகினால் ஐந்து தடவை வெடி, இறுகினால் மூன்று, மழை பெய்தால் ஒன்றுமில்லை. இருப்பது இவ்வளவு, ஆகவே போனது இவ்வளவு. பதினாறு வருசமாக அவ்வளவுதான் கணக்கு.

அதைச் சரிபார்க்க ஒருத்தருக்கும் வழி கிடையாது, அருள்சாமியைத் தவிர.

அந்தக் குவாரியில் எத்தனை குழி போட்டிருந்தாலும் கொளுத்துவது ஏழு ஏழாகத்தான். பாறையை முதலில் திறந்தபோது அதன் தலையில் ஏழு கன்னிமார் கல் இருந்ததாம். கல்லைப் பெயர்த்து வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, இனி ஒவ்வொரு வெடியும் ஆத்தாமார் ஏழு பேருக்கும் ஆளுக்கொன்று என்று முதல் வெடிக்காரன் நேர்ந்துகொண்டான். அது அப்படியே வழக்கமாயிற்று. ஏழு என்றால் காதுக்கும் தோது. ஏழு சத்தம் கேட்டால் எல்லாம் வெடித்தாயிற்று, இறங்கலாம். ஆறுதான் கேட்டதென்றால் ஒரு குழிக்குள் மருந்து உயிரோடு கிடக்கிறது. அப்போது அந்தப் பாறை முகப்பில் ஒரு ஆளும் கால் வைக்கக்கூடாது. மறுநாள் அந்தக் குழிக்குப் பக்கத்தில் ஒன்றும், தள்ளி ஆறுமாகப் புதுக்குழி ஏழு போட்டு மறுபடி கொளுத்த வேண்டும். வெடிக்காதது ஒன்றுதானே என்று ஒன்றை மட்டும் வைப்பதில்லை. ஒத்தை வெடி எழவு வீட்டுக்குப் போடுவது.

ஆகையால் செலவான கேப்பு எப்போதும் மீதி நிற்காமல் ஏழில் அடங்கித்தான் ஆக வேண்டும். இதை அருள்சாமிக்கு ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலைக்கு வந்த புதிதில், பேச ஆளில்லாத அறையில், ரிஜிஸ்தரின் பழைய பக்கங்களை வைத்து வகுத்து வகுத்துப் பார்த்துத் தானே கண்டுகொண்டான். முப்பத்தி நாலாம் வருசத்துப் பக்கத்திலிருந்து ஒன்றுகூடத் தப்பவில்லை. பின்னால் சுருக்கு வழியும் பிடித்தான். ஆயிரத்து ஒன்று ஏழில் அடங்கும். அப்படியென்றால் எண்ணில் இருக்கிற ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஒன்றைக் கழித்துவிட்டால் போதும். பின்னால் இருக்கும் மூன்று இலக்கத்திலிருந்து முன்னால் இருக்கும் மூன்றைக் கழி. வருகிறது ஏழில் அடங்கினால் முழு எண்ணும் அடங்கும். போன சனிக்கிழமை 1,34,589. ஐந்நூற்று எண்பத்தொன்பதில் நூற்று முப்பத்தி நாலு போக நானூற்று ஐம்பத்தைந்து. அறுபத்தைந்து ஏழு. சுத்தம். வாரா வாரம் அந்தச் சுத்தத்தைப் பார்த்ததும் அவனுக்கு வியாகுல மாதாவின் நெஞ்சில் இருக்கிற ஏழு வாளும் அததன் இடத்தில் இருப்பதுபோல ஒரு நிம்மதி வரும்.

இன்றைக்கு எழுநூற்று ஐம்பத்தெட்டில் நூற்று முப்பத்தி நாலு போக அறுநூற்று இருபத்தி நாலு. எண்பத்தொன்பது ஏழு அறுநூற்று இருபத்தி மூன்று.

மீதி ஒன்று.

மறுபடி எண்ணினான். நாற்பத்திரண்டு. கோணியை உதறினான். முழங்காலில் தவழ்ந்து தரையை உள்ளங்கையால் தடவினான். பிரிக்காத டப்பாக்களின் காகித ஒட்டு கிழியாமல் இருந்தது. மூன்றாம் தடவை எண்ணினான். அதே நாற்பத்திரண்டு. கேப்புகளை டப்பாவில் திரும்ப அடுக்கி மூடினான்.

இந்த வாரம் எல்லா நாளும் அவன் கையால்தான் கொடுத்தான். ஏழு ஓட்டை போட்ட ஒரு மரக்கட்டை உண்டு. ஓட்டைக்கு ஒன்றாகச் செருகி வெடிக்காரரிடம் நீட்டுவான். எட்டாவதுக்கு அதில் இடமில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் சித்தப்பா அடக்கத்துக்கு ஆவூர் போயிருந்தான். அன்றைக்கு அறையைத் திறந்தது மேஸ்திரி உடையப்பன், தன்னிடம் இருக்கிற இன்னொரு சாவியால்.

கதவைப் பூட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே மேஸ்திரியின் கொட்டகைக்குப் போனான்.

உடையப்பன் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, கேப்பு ஒண்ணு ஒதைக்குதுங்க."

"எதுல ஒதைக்குது? வந்தது இருக்கு. இருக்குறத எண்ணு. மிச்சம் செலவு. இதுல ஒதைக்க என்னா இருக்கு?"

"செலவு ஏழுல அடங்கலைங்க. ஒண்ணு மீதி நிக்குது."

காம்பு கிள்ளிய விரல் நின்றது. கண நேரம்தான். பிறகு அவர் சிரித்தார்.

"ஒரு லட்சத்துச் சொச்சம் கேப்பு. அதுல ஒண்ணு மீதின்னு நொண்டிக்கிட்டு வாரியே. ஒன்னய ஆவூர்ச் சாமியாரு கோயில்ல பூசைக்கு வாரவன் தலைய எண்ண வச்சிருக்கலாம்."

"செவ்வாக்கெழம சாவி ஒங்கள்ட்ட இருந்துச்சுங்க."

உடையப்பன் எழுந்து உட்கார்ந்தார். குரல் தணிந்தது. தணிந்த குரல்தான் அருள்சாமியைப் பயமுறுத்தியது.

"அருளு, இங்க பாரு. கேப்பு ஒண்ணு கொறையுதுன்னு வெளிய தெரிஞ்சா போலீசு மொதல்ல யாரக் கேக்கும்? என்னயவா? மருந்து ரூம்புல குந்தியிருக்கவனயா? செவப்புத் துண்டுக் கம்யூனிஸ்டுக்காரன் எவனுக்குடா வித்தேன்னு கேப்பான். இல்லைம்ப. மறுபடி கேப்பான். பிச்சைமுத்து வீட்டுக் கூரையில நாலடித் திரி சொருகி இருந்துச்சுன்னு போன மாசம் கொண்டுபோனானுங்களே. இப்ப அவன் பொண்டாட்டிதான் சோறு ஊட்டி விடுறா. பாத்தியா?"

அருள்சாமி பார்த்திருந்தான். பிச்சைமுத்துவின் பத்து விரலும் வெந்த கிழங்கு மாதிரி இருந்தன.

"நாப்பத்திரெண்ட நாப்பத்தி மூணுன்னு எழுது. ஏழுல அடங்கிரும். ஒனக்கும் நிம்மதி, கன்னிமாருக்கும் நிம்மதி. போ."

இருப்பு என்னவென்று இவன் வாயைத் திறந்தே சொல்லவில்லை. நாற்பத்திரண்டு என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அந்த இன்னொரு சாவியால் திறந்து இவனுக்கு முன்னமே எண்ணியிருக்க வேண்டும். அருள்சாமி அதைக் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. திரும்பி வந்தான்.

மருந்து அறைக்குப் போய் ரிஜிஸ்தரைத் திறந்தான். பேனாவை மையில் தோய்த்து இருப்பு 243 என்று எழுதினான். செலவு 1,34,757. எழுநூற்று ஐம்பத்தேழில் நூற்று முப்பத்தி நாலு போக அறுநூற்று இருபத்தி மூன்று. சுத்தம். ஒரே ஒரு இலக்கம். மை காயட்டும் என்று காத்திருந்தான்.

காத்திருந்தபோதுதான் சுத்தியல் சத்தம் காதில் விழுந்தது.

எப்போதும் விழுகிற சத்தம்தான். வெடித்துச் சரிந்த பாறையைப் பெண்டுகள் உட்கார்ந்து ஜல்லியாக உடைக்கிற சத்தம். பதினோரு பேர், பதினோரு சுத்தியல். அவற்றில் இரண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி என்று விழுவது அவன் பொண்டாட்டி ஜெபமாலையின் சுத்தியல். வீட்டில் மிளகாய் இடித்தாலும் அவளுக்கு அதே தாளம்தான்.

மேஸ்திரி கேப்பைத் திருடி எவனுக்காவது விற்றிருந்தால் அது போலீஸ் பார்க்க வேண்டிய சங்கதி. மீன் பிடிக்கக் கண்மாயில் போட்டிருந்தாலும் போகட்டும். ஆனால் ஒத்தைக் கேப்பு எதற்கு? குவாரியில் ஒத்தைக் கேப்புக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பெண்டுகள் வீட்டுக்குப் போன பிறகு, ஏழில் ஒன்று வெடிக்கவில்லை. மறுநாள் முழுக்க முகப்பை அடைத்துப்போட மனசில்லாமல், பக்கத்தில் ஒரு குட்டைக்குழி போட்டு ஒத்தை வெடி வைத்திருக்கிறார்கள். வைத்தது வெடித்திருக்கும். முதலில் வெடிக்காதது அதோடு சேர்ந்து வெடித்ததா, பாறையோடு பெயர்ந்து உயிரோடு உருண்டதா? புதன்கிழமையிலிருந்து பெண்டுகள் உடைப்பது அந்தச் சரிவைத்தான்.

அது மட்டுமா. மீதி ஒன்று என்றால் போனது ஒன்றுதான் என்று யார் சொன்னது? எட்டு போயிருந்தாலும் மீதி ஒன்றுதான். பதினைந்து போனாலும் ஒன்றுதான்.

ரெண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி.

அவன் எழுதிய மூன்று இன்னும் காயவில்லை.

வெடிக்காரர் சேவுகன் கன்னிமார் கல்லுக்குப் பக்கத்தில் சாயங்கால வெடிக்குத் திரி நறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. இரண்டு புருவமும் எப்போதோ கருகிப்போய் முளைக்காமலே விட்டுவிட்டன. அதனால் எந்நேரமும் திடுக்கிட்ட மாதிரியே இருப்பார். அருள்சாமி அவருக்கு எதிரே போய்க் குத்தவைத்தான்.

"அண்ணே, செவ்வாக்கெழம பொழுது சாய எத்தன கேட்டுச்சு?"

"ஏழு."

"கேப்பு கணக்கு ஏழுல அடங்கலண்ணே. ஒண்ணு மீதி."

"எந்தக் கணக்கு?"

"ஆதியிலருந்து எல்லாம். நீங்க வச்சது, ஒங்களுக்கு முன்ன இருந்த வெடிக்காரரு வச்சது, எல்லாத்தையும் சேத்தா ஒரு லட்சத்து முப்பத்தி நாலாயிரத்து எழுநூத்தம்பத்தெட்டு. ஏழு ஏழாக் கட்டுனா கடைசியில ஒண்ணு ஒத்தையா நிக்குது. இந்த வாரம்தான் அப்புடி. இதுக்கு முன்ன ஒரு தரங்கூட நின்னதில்ல."

சேவுகனுக்கு எழுத்துத் தெரியாது. லட்சம் என்பது அவர் காதுக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் ஏழு தெரியும். ஒத்தை என்றால் என்னவென்று தெரியும். நறுக்கிய திரித் துண்டுகளைக் கீழே வைத்தார். கண் தன்னால் அந்த ஏழு கல்லின் பக்கம் போயிற்று.

"பதினாறு வருசமா அடங்குனதா?"

"ஒண்ணு விடாம."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் தம்பி. நாளைக்கு ஏழாப் போட்டுக்குவோம்னேன். மேஸ்திரிதான் ரோட்டுக்கு ஜல்லி லாரி நிக்கிது, ஒரு நாள் போச்சுன்னா கன்டிராட்டு போச்சுன்னாரு. அவரே போயி ஒண்ண எடுத்துக் கையில கொண்டாந்தாரு. வச்சேன். வெடிச்சுச்சு. பழைய குழிய எட்டிப் பாத்தேன், பாறையே இல்ல, பேந்து போயிருந்துச்சு. சேந்து வெடிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்க."

"நெனச்சேன்" என்றார் சேவுகன். எழுந்துவிட்டார்.

சரிவைப் பார்த்து ஓடி, எந்திரிங்கடி என்று கத்தினால் பெண்டுகள் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே இன்னும் பத்து அடி அடிப்பார்கள். குவாரியில் கேள்வி கேட்காமல் எல்லாரையும் கிளப்புவது ஒன்றே ஒன்றுதான். மருந்து அறைக்குப் போகிற வழியில் புளியமரத்தில் ரயில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். வெடி வைக்கப்போகும்போது வெடிக்காரர் சொல்லி அதைத் தட்டுவார்கள். நேரமில்லாத நேரத்தில் தட்டினவனுக்கு அன்றோடு சீட்டுக் கிழியும். அருள்சாமி புளியமரத்துக்கு ஓடினான். ஓடினான் என்று சொல்வதற்கில்லை, நல்ல காலில் தத்தி, கெட்ட காலை இழுத்தான். ஒவ்வொரு தத்தலுக்கும் பின்னால் பதினோரு சுத்தியலும் விழுந்துகொண்டிருந்தன. இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கித் தண்டவாளத்தை அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான்.

சுத்தியல்கள் நின்றன. கூடை, சும்மாடு, தூக்குச்சட்டி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பெண்டுகள் ஒதுங்கு பாறைக்குப் பின்னால் ஓடினார்கள். பதினொன்று எண்ணி முடித்த பிறகுதான் அவன் கம்பியை இறக்கினான்.

"என்னாண்ணே, பொழுது சாயவே இல்ல, அதுக்குள்ள வெடிங்கிறீக" என்று ராக்காயி மூச்சிரைக்கக் கேட்டாள். "சூரியனையும் ஒடச்சு ஜல்லியாக்கப் போறாகளா?"

ஜெபமாலை புருசன் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் அவன் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். அவள் உடம்பிலிருந்து கல்பொடி வாசம் வந்தது.

உடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "எவன்டா தட்டுனது?"

"நான்தாங்க."

"யாரு சொல்லி?"

"நான் சொல்லித்தான்" என்று சரிவுக்குள்ளிருந்து நிமிர்ந்து, மேஸ்திரி முகத்தையே பார்த்துச் சேவுகன் குரல் கொடுத்தார். அவர் தனியாக அங்கே இறங்கியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் கல்லைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிப் போய்க்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் உடையப்பன் அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. பெரிய கற்களைப் பார்த்து முடித்து, பெண்டுகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். ஒவ்வொருத்தியும் ஒரு தட்டைக் கல்லை முன்னால் போட்டு, அதன் மேல் வைத்துத்தான் மற்றதை உடைப்பாள். பட்டறைக்கல் என்பார்கள். நல்ல பட்டறைக்கல் கிடைத்தால் வாரக்கணக்கில் விடமாட்டார்கள். ராக்காயியின் கல்லைப் புரட்டினார். மூக்காயியின் கல்லைப் புரட்டினார். மூன்றாவதைப் பாதி தூக்கியவர் அப்படியே நின்றார். கீழே போடவும் இல்லை, புரட்டவும் இல்லை. பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெல்ல இறக்கினார்.

"யாரு கல்லு இது?"

ஜெபமாலை அருள்சாமியின் கையைப் பிடித்தாள்.

கல்லின் அடிப்பக்கத்தில் பாதிக் குழி ஓடியிருந்தது. நெடுக்கப் பிளந்த குழி. அதற்குள் அடைத்த களிமண் இளகாமல் அப்படியே. மண்ணின் நடுவே கருகிப்போன திரியின் நுனி. புதன்கிழமை காலையிலிருந்து அவள் அதன் மேல் வைத்துத்தான் அடித்திருக்கிறாள். இரண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி. நாலு நாள்.

"தட்டையா இருந்துச்சுன்னு எடுத்தேன்" என்றாள் ஜெபமாலை. "ராக்காயி கேட்டா. தர மாட்டேன்னுட்டேன்."

ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சேவுகன் மேலே ஏறி வந்து மேஸ்திரியைப் பார்க்காமல் அருள்சாமியிடம் பேசினார். "ஒண்ணு ஒத்தையாப் போயிருக்கு. இன்னும் ஆறு குடு தம்பி. அந்தக் கல்லச் சுத்தி வச்சு அங்கனயே கொளுத்திருவோம். ஆறும் அந்த ஒண்ணும் ஏழாப் போகட்டும். கணக்கும் நேராயிரும்ல?"

"ஆயிரும்ணே."

மரக்கட்டையின் ஏழு ஓட்டையில் ஆறில் மட்டும் கேப்பைச் செருகிக் கொடுத்தான். பெண்டுகளை இன்னும் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சேவுகன் கொளுத்திவிட்டு, நடந்துதான் வந்தார். வெடிக்காரன் ஓடக்கூடாது. ஓடினால் விழுவான்.

எல்லாரும் எண்ணினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று, நான்கு ஒட்டினாற்போல. பிறகு பாறையே எழும்பினாற்போல ஒரு பெரிய சத்தம். கொஞ்சம் நின்று இன்னொன்று. கல் மழை நின்று, புகை மேற்கே சாய்ந்தது.

"ஆறு" என்றாள் ராக்காயி.

"இல்ல, ஏழு. பெருசு வந்துச்சே, அதுல ரெண்டு" என்றாள் மூக்காயி.

"பெருசோட சேத்துத்தாண்டி ஆறு."

அருள்சாமிக்கும் தெரியவில்லை. பெரிய சத்தம் இரண்டின் சத்தமா, ஒன்றே பெரிதாக வந்ததா? எல்லாரும் சேவுகனைப் பார்த்தார்கள். அவர் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகை கரைந்ததும் கையைத் தூக்கினார்.

"ஏழு. எறங்கலாம்."

உடையப்பனின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "கேட்டுக்கிட்டீகளா? ஏழு. திங்கக்கெழம எல்லாரும் வேலைக்கு வந்திருங்க" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு நடந்தார். பெண்டுகள் கூடையைப் பொறுக்கப் போனார்கள்.

அருள்சாமி சேவுகனின் முதுகுக்குப் பின்னால் நின்றான். "அண்ணே, பெருசுல ரெண்டு கேட்டுச்சா ஒங்களுக்கு?"

சேவுகன் திரும்பவில்லை.

"அண்ணே."

திரும்பவில்லை.

இரண்டடி நெருங்கிச் சத்தமாகக் கூப்பிட்டான். தூரத்தில் கூடை பொறுக்கிக்கொண்டிருந்த ஜெபமாலை நிமிர்ந்து பார்த்தாள். சேவுகன் மிச்சத் திரியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அருள்சாமி தோளைத் தொட்டபோதுதான் திடுக்கிட்டுத் திரும்பி, அவன் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் வாயைத்தான் பார்த்திருக்கிறார்.

"எம்புட்டு நாளா?" என்று அருள்சாமி மெதுவாக உதட்டை அசைத்துக் கேட்டான்.

"பொங்கலோட ரெண்டு வருசம்." சுருட்டிய திரியை மடியில் செருகினார். "பெருசு வந்தா காலுல தெரியும் தம்பி. மத்ததுக்குப் பொகையப் பாத்துச் சொல்லுவேன். அன்னிக்கி செவ்வாக்கெழமயும் ஆறுன்னு சொன்னது நானில்ல, சம்மட்டிக்காரன் சொன்னான். வெளிய சொல்லிராத. மூணு பொம்பளப் புள்ள வச்சிருக்கேன்."

அருள்சாமி மருந்து அறைக்குத் திரும்பினான். ரிஜிஸ்தரில் எழுதிய பொய்யைக் கோடு போட்டு அடித்தான். ஆறு போக இருப்பு 236. செலவு 1,34,764. எழுநூற்று அறுபத்தி நாலில் நூற்று முப்பத்தி நாலு போக அறுநூற்று முப்பது. தொண்ணூறு ஏழு. சுத்தம்.

இந்தத் தடவை அந்தச் சுத்தம் அவனுக்கு நிம்மதி தரவில்லை. ஒத்தைக் கேப்பை எடுத்ததால்தான் எண் காட்டிக்கொடுத்தது. வெடிக்காத குழியை ஏழு என்று சொல்லி மூடியிருந்தால்? கேப்பு பாறைக்குள் வெடித்தாலும் செலவுதான், வெடிக்காமல் கிடந்தாலும் செலவுதான். ஏழாகத்தான் போயிருக்கும், ஏழில்தான் அடங்கியிருக்கும். இரண்டு வருசம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை வெடி. காது கேட்காத மனுசன் கையைத் தூக்கி ஏழு என்று சொன்ன அத்தனையும் இந்த எண்ணுக்குள் சுத்தமாகப் படுத்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் ஜெபமாலையிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"சொன்னா குவாரிய மூடிருவாகளா?"

"மூடலாம். என்னயப் பிடிச்சுட்டும் போகலாம்."

"மூடுனா எங்க போறது? கட்டுமாவடிக்குப் போயி மீனு சொமக்கவா?" கொஞ்சம் நடந்து, "நான் திருப்பிப் பாத்து ஒடைச்சுக்கிறேன். அவளுககிட்டயும் திருப்பிப் பாக்கச் சொல்றேன். ஏன்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அவன் மருந்து அறை வாசலில் நின்று பார்த்தான். அவள் புதுப் பட்டறைக்கல் ஒன்றைத் தேடி எடுத்து நாலு பக்கமும் புரட்டினாள். முந்தானையால் துடைத்தாள். மறுபடி புரட்டினாள். பிறகு சும்மாட்டை மடித்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

அவன் உள்ளே போய் ரிஜிஸ்தரை மூடிவைத்தான். பதினோரு சுத்தியலும் தொடங்கின. பத்து மணி வாக்கில் ஒன்று நின்றது. இரண்டு சின்ன அடி விழுந்திருந்தது. பெரிய அடி விழவில்லை. வெற்றிலை போடுவாள், தண்ணி குடிப்பாள், விரலில் சில்லுப் பட்டிருக்கும். அருள்சாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தான், கேப்பு எண்ணும்போது உட்கார்ந்திருப்பதைப் போல. வெகு நேரம் கழித்துப் பெரிய அடி விழுந்தது.